பட்டுக்குட்டை உயரும் முன்னே

மேற்கே கதிரவன் சாய்ந்துகொண்டிருந்தான். செங்கால் ஆற்றின் அகன்ற நீர்ப்பரப்பு ஒரு கணம் குங்குமம் கரைத்த தாம்பாளம்போலவும் மறுகணம் அதில் யாரோ ஒரு துளி மை விட்டாற்போலவும் தோன்றி, கரையோரத்து நாணல்களைப் பொன்னாக்கிப் பின் கருக்கி, நாரைமங்கலத்துக் கோட்டை மதிலின் காலடியில் வந்து சளசளவென்று ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தது. கூட்டங்கூட்டமாய்த் திரும்பிய நாரைகள் மருத மரங்களில் இடத்துக்குச் சண்டையிட்டன. கீழ்வானில், முழுமதி புறப்பட்டுவிட்டது என்பதற்கு அறிகுறியாக, இளநீர் வழுக்கையின் நிறத்தில் ஒரு வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது.

அன்புள்ள வாசகர்களே, இந்த ஆற்றை இன்னும் நான்கு பக்கத்துக்கு வருணிக்கலாம். அழகான ஆறுதான். ஆனால் நாரைமங்கலத்தில் அதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்த ஊரில் ஒன்றைப் பார்த்து உருகுவதற்கு முதலில் அனுமதி வேண்டும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. கடம்பவேள் என்ற அந்தச் சிற்றரசரின் அவையில் சுவைநாயகர் என்றொரு பதவி இருந்தது. பாட்டோ, கூத்தோ, யாழோ எது நடந்தாலும் அது கலைதானா, கலையென்றால் எந்த இடத்தில் நெஞ்சு கரைய வேண்டும் என்று தீர்ப்பளிப்பது அவர் வேலை. கரைய வேண்டிய இடம் வந்ததும் தம் வலக்கையிலுள்ள வெண்பட்டுக் கைக்குட்டையை உயர்த்துவார். உயர்த்தியதும் அவை அழும், தாழ்த்தியதும் நிறுத்தும். குட்டை உயருமுன் அழுபவன் நாகரிகமற்றவன். உயர்ந்தபின்னும் அழாதவன் அரசத்துரோகி.

அமைச்சர்களும் தளபதிகளும் பாவம், என்ன செய்வார்கள்? நினைத்த மாத்திரத்தில் அழ வேண்டுமென்றால் எங்கே போவது? ஆகவே ஒவ்வொருவரும் உத்தரீயத்தின் முனையில் நசுக்கிய ஈருள்ளி ஒன்றை முடிந்துகொண்டு அவைக்கு வந்தார்கள். நாம் இன்று சாம்பாரில் போடுகிறோமே, அந்தச் சின்ன வெங்காயம்தான். குட்டை உயரும், உத்தரீயம் முகத்துக்குப் போகும், அவை கண்ணீரில் மிதக்கும். அரசருக்கு இது தெரியுமா என்று கேட்பீர்கள். அவையிலேயே பெரிய உள்ளி அரசருடையதுதான்.

இத்தனை கூத்துக்கும் நடுவே உண்மையாகவே யாழ் வாசித்துக்கொண்டிருந்தவள் கொற்றி.

கருத்த மேனி, கூர்த்த மூக்கு, இடுப்பில் சாய்த்த யாழைக் கைக்குழந்தையைப்போல் ஒரு கையால் அணைத்துக்கொண்டே மறுகையால் சண்டை போடக்கூடிய திறமை. ஊரில் அவளுக்கு "வெடுக்குக் கொற்றி" என்று பெயர். எட்டு ஆண்டுகள் அந்த அவையில் வாசித்திருந்தாள். ஒரு நாளாவது, ஒருவராவது, குட்டை உயருமுன் கண் கலங்கியதில்லை. அவள் உயிரைக் கொடுத்து வாசித்த நாளிலும் அவர்கள் குட்டையைத்தான் பார்த்தார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே வாசித்த நாளிலும் குட்டையைத்தான் பார்த்தார்கள். எவ்வளவு நாள்தான் ஒருத்தி சுவருக்கு வாசிப்பாள்?

அன்று காலை ஆற்றுத்துறையில் ஒரு சண்டை நடந்திருந்தது. அக்கரையிலிருந்த வேங்கைக்கோட்டு மலைநாட்டு வீரர் சிலர் பிடிபட்டார்கள். பிடிபட்டவர்களுள் ஒருவன் மலைநாட்டு இளவரசன் இளஞ்சாத்தன் என்று ஒற்றர்கள் உறுதியாகச் சொன்னார்கள். எவன் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. எல்லாருடைய இடையிலும் ஒரே முரட்டுத் துணி, எல்லாருடைய முகத்திலும் ஒரே சேறு. கடம்பவேளுக்கோ இளவரசனின் தலை வேண்டும். முந்தைய போரில் அவர் தம்பியை மலைநாட்டார் கொன்றிருந்தார்கள்.

"இதற்கு ஏன் இத்தனை கலக்கம், அரசே?" என்று எழுந்தார் சுவைநாயகர் பரஞ்சேந்தனார். சந்தனம் மணக்கும் மெலிந்த மார்பு. பேசும்போது எதிரிலிருப்பவரின் தலைக்கு ஒரு சாண் மேலே பார்க்கும் கண்கள். "உயர்குடியிற் பிறந்தவனுக்கு மட்டுமே உயர்கலையில் உள்ளம் கரையும். மற்றவர்க்கு யாழும் ஒன்று, உலக்கையும் ஒன்று. சிறைப்பட்டோரை நிறுத்தி யாழ் வாசிக்கச் செய்யுங்கள். நான் குட்டையை உயர்த்த மாட்டேன். உயர்த்தாமலே எவன் கண்ணில் நீர் வருகிறதோ அவனே இளவரசன்."

"அப்படிப் பார்த்தால் நம் அவையில் ஒருவர்கூட..." என்று தொடங்கிய தளபதி, வாக்கியத்தை முடிக்காமல் நெடுநேரம் இருமினார்.

முன்றிலில் சிறைப்பட்டோரை வரிசையாக நிறுத்தினார்கள். கண்களை நெருங்கி நின்று கவனிக்க வேண்டுமல்லவா? ஆகவே ஒவ்வொருவன் பக்கத்திலும் அவையோருள் ஒருவர் நின்றார். பழக்கதோஷம், யாழ் என்றதுமே அவர்கள் கை உத்தரீய முனையைப் பற்றிக்கொண்டது.

"சுவைநாயகரே, கொஞ்சம் பொறுங்கள்" என்றாள் கொற்றி. "ஆற்றிலிருந்து ஈரக்காற்று அடிக்கிறது. நரம்பு இறங்கிப்போயிருக்கிறது. முறுக்கேற்றிக்கொள்கிறேன்."

"நரம்பைப் பற்றி நீ எனக்குச் சொல்கிறாயா, பெண்ணே?"

"வேறு யார் சொல்வது? வாசிப்பவள் நான்தானே!"

"வாசி!"

வாசித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். பாலைப் பண் ஏறி, வளைந்து, உச்சியிலிருந்து இறங்க வேண்டிய இடத்தில், அந்தத் தளர்ந்த நரம்பு கிறீச்சென்று கத்தியது. கூரையில் பூனை சறுக்கினாற்போல ஓர் ஒலி. கொற்றிக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. அவள் வாழ்நாளிலேயே இவ்வளவு கேவலமாக வாசித்ததில்லை. நாரைமங்கலத்து வழக்கப்படி, அவையில் சுருதி பிசகியவர் தம் கருவியை ஆற்றில் விட்டுவிட்டு நாட்டு எல்லையைக் கடந்துபோக வேண்டும். மெல்லச் சுவைநாயகரைப் பார்த்தாள்.

சுவைநாயகர் கண்களை மூடி, "ஆகா" என்றார்.

அந்த நேரத்தில்தான் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு கூக்குரல் எழுந்தது. "அழுகிறான்! இவன் அழுகிறான்!" கத்தியவர் கருவூலம் காக்கும் பண்டாரநாயகர், உத்தரீயத்தை மூக்கருகே பிடித்தபடி நின்ற பருத்த மனிதர். அவர் பக்கத்தில் நின்ற இளைஞனின் சேறு படிந்த கன்னங்களில் இரண்டு வெள்ளைக் கோடுகள் வழிந்துகொண்டிருந்தன.

"உன் பெயர் என்ன?" என்றார் அரசர்.

"காடன், சாமி. கெணத்துல மாடு பூட்டிக் கமலை எறைக்கிறவன். படைக்குத் தண்ணி எறைக்கக் கூட்டியாந்தாங்க."

"பொய்!" என்றார் சுவைநாயகர். "கமலை இறைப்பவன் பாலைப் பண்ணுக்கு அழுவானா? இவனே இளஞ்சாத்தன்."

உடனே வரிசையின் நடுவிலிருந்து ஒரு முரட்டு மீசைக்காரன் பாய்ந்து முன்னால் வந்தான். "நிறுத்துங்கள்! நான்தான் இளஞ்சாத்தன்! ஒன்றுமறியாத தண்ணீர்க்காரனை விடுங்கள். என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்!"

"நீ அழுதாயா?" என்று கேட்டார் சுவைநாயகர்.

"இல்லை."

"பின்பு எப்படி இளவரசன்?"

"என்னைப் பெற்றவர்களைப் போய்க் கேளும்!"

"பெற்றவர் சாட்சியெல்லாம் வரப்புத் தகராறுக்குச் செல்லும், தம்பி. இது கலை." சுவைநாயகர் அரசர் பக்கம் திரும்பினார். "இவன் விசுவாசமுள்ள வேலைக்காரன். எசமானைக் காப்பாற்றப் பார்க்கிறான். இதிலிருந்தே அழுதவன் இளவரசன் என்பது இன்னும் உறுதியாகிறது."

தானே வந்து தலையை நீட்டுகிறவனையும் நம்பாத இந்த அறிவை என்னவென்று சொல்வது, வாசகர்களே? நிலா கீழைக் கோபுரத்தின் கலசத்தைத் தாண்டும்போது காடனின் தலையை ஆற்றுத்துறையில் வாங்குவது என்று தீர்ப்பாயிற்று.

கொற்றி சிறைக்கூடத்துக்குப் போன வேகத்தில் அவள் சிலம்பு இரண்டு தெருவுக்குக் கேட்டது.

"எங்கே தாயி, இந்தப் பக்கம்?" என்றான் வாயிற்காவலன். "சாகப் போறவனுக்குத் தாலாட்டா?"

"உனக்குப் பாடச் சொன்னால் ஒப்பாரியே பாடுவேன். கதவைத் திற."

"கோபத்தைப் பாரு! திறக்கிறேன், திறக்கிறேன். கோபத்துல எம் பொஞ்சாதிக்கே அக்கா நீ."

காடன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் யாழை மடியில் வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எட்டு ஆண்டுகளில் அவள் யாழுக்கு உண்மையாக அழுத ஒரே மனிதன். அதுவும் அவள் பிழைக்கு அழுதவன். அதற்காகச் சாகப் போகிறவன்.

"ஏன் அழுதாய்?" என்றாள் கடைசியில். அதட்டல்போல வந்தது.

"அது... விடுங்கம்மா."

"விட மாட்டேன். நான் நன்றாக வாசித்தபோது ஒரு நாய்கூட ஊளையிட்டதில்லை. இன்றைக்கு வாசித்தது வாசிப்பே இல்லை. என் கை பிசகினதற்கு உன் தலை போகிறது. ஏன் அழுதாய், சொல்."

அவன் அவளைச் சிறிது நேரம் பார்த்தான். அவள் கண்களில் ஏதோ ஒன்று, பசித்தவன் இலையைப் பார்ப்பதுபோல, பதிலுக்குக் காத்திருந்தது.

"அந்த நரம்பு கத்துச்சு பாருங்க" என்றான் மெதுவாக. "எங்க கெணத்து உருளை அப்படித்தான் கத்தும். எண்ணெய் போட்டா நின்னுரும். ஊரே திட்டும், எண்ணெயைப் போடுடான்னு. நான் போட மாட்டேன். எம் மகளுக்கு அந்தச் சத்தம் வேணும்."

"மகளா?"

"கெணத்தடி மரத்துல தூளி கட்டிருப்பேன். உருளை கத்துனாத்தான் கண்ணை மூடுவா. நின்னா முழிச்சுக்குவா. அதனால தண்ணி வேணாங்கிற அன்னைக்கும் எறைப்பேன். மாட்டைக்கூட அதட்டுறதில்லை. 'போ ராசா, போ... வா ராசா, வா'ன்னு ரகசியம் பேசுற மாதிரிதான்." அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான். "காய்ச்சல்ல போயிட்டா. அன்னைக்கு ஊர்ல யாரோ, எம்மேல இரக்கப்பட்டு, உருளைக்கு எண்ணெய் போட்டுட்டாங்க. மறுநாள் எறைச்சேன். சத்தமே வரலை."

கொற்றி எழுந்து நின்றாள். கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். காவலன் தன் வேலின் முனையை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"சாக மாட்டாய்" என்றாள் சுவரைப் பார்த்து. "எழுந்து வா. நேரமாகிறது."

நிலா வந்துவிட்டது. செங்கால் ஆறு இப்போது வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் கரை முதல் கரை வரை அலையற்றுக் கிடந்தது. துறையின் கற்படிகளில் கோட்டை மக்கள் கூடியிருந்தார்கள். ஒரு பக்கம் அரசரும் அவையோரும், நடுவே வெட்டுக்கட்டை, அதன் முன்னே காவலர் கொண்டுவந்து நிறுத்திய காடன், அருகே அரிவாளைச் சாய்த்துக்கொண்டு, தன் வேலையில் தனக்கே விருப்பமில்லாத முகத்தோடு கொலைஞன்.

"அரசே!" என்றாள் கொற்றி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து. "மாலையில் நான் வாசித்ததில் சுருதி பிசகியது."

கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. தன் யாழையும் சோற்றையும் ஊரையும் ஒரே வாக்கியத்தில் தூக்கிக் கொடுப்பவர்களை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை.

"பிசகவில்லை" என்றார் சுவைநாயகர். "நான் கேட்டேன். உன்னதமாக இருந்தது."

"கிறீச்சென்று கத்தியதே, ஐயா!"

"அது ஒரு கமகம்."

"கமகமா!" கொற்றிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அரசே, இந்த மனிதன் என் பண்ணுக்கு அழவில்லை. பிசகிய நரம்புக்கு அழுதான். அது அவன் கிணற்று உருளையின் ஒலி. அழுத இடம் எது என்று பக்கத்தில் நின்ற பண்டாரநாயகரைக் கேளுங்கள்."

பண்டாரநாயகர் எதனாலோ திடுக்கிட்டார். உத்தரீயத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆமாம் அரசே, கத்திய இடத்தில்தான், அந்த இடத்திலேதான், வேறொன்றும் இல்லை" என்று மளமளவென்று சொன்னார்.

"ஓர் உருளைச் சத்தத்துக்கு மனிதன் அழுவானா?" என்றார் அரசர்.

"கேட்டுப் பாருங்கள்" என்றாள் கொற்றி.

அவள் கற்படியில் அமர்ந்தாள். கிணற்றையும் தூளியையும் இரக்கப்பட்டு எண்ணெய் போட்ட ஊரையும் பற்றி நாலே வாக்கியத்தில் கூட்டத்துக்குச் சொன்னாள், அலங்காரம் எதுவுமில்லை. பிறகு அந்த ஒரே நரம்பை மட்டும் தொட்டாள். கிறீச்... தண்ணீர்ச் சால் மேலேறும் கனத்தோடு இழுபட்டு, உச்சியில் நின்று, ஓய்ந்தது. மறுபடி கிறீச். காடன் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு, கைகள் பின்னே கட்டப்பட்டபடியே, தாழ்ந்த குரலில், "போ ராசா, போ..." என்றான்.

நரம்பு இழுபட்டது.

"வா ராசா, வா..."

துறையில் நின்ற ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு கிணறு இருந்தது. கொலைஞனுக்கு இருந்தது. தளபதிக்கும் இருந்தது, அவர் பதவிக்கு வந்த நாள்முதல் அதை மறந்திருந்தார். மாடுகள் இறங்கின, ஏறின. நிலவொளியில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு கொற்றி ஒன்று செய்தாள். அவள் விரல் நரம்பின்மேல் அதே தாளத்தில் அசைந்துகொண்டேயிருந்தது. ஆனால் நரம்பைத் தொடவில்லை.

சத்தம் இல்லை.

"போ ராசா, போ..." என்றான் காடன், அந்த மௌனத்துக்குள்.

மௌனம்.

"வா ராசா..." அவன் குரல் அங்கே உடைந்தது.

படிக்கட்டின் உச்சியிலிருந்து ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். அதன்பிறகு யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கொலைஞன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தான். அவையோர் ஒருவர் கையும் உத்தரீயத்துக்குப் போகவில்லை. முகம் கோணி, மூக்கு ஒழுகி, அசிங்கமாக, மனிதர்களைப்போல அழுதார்கள். கடம்பவேள் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது.

சுவைநாயகரின் பட்டுக்குட்டை அவர் காலடியில் கிடந்தது. எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியாது. அவருடைய கன்னங்களும் நனைந்திருந்தன.

"சுவைநாயகரே" என்றார் அரசர், கரகரத்த குரலில். "குட்டை உயரவில்லையே. இது என்ன?"

படித்த மனிதர் பரஞ்சேந்தனார். அவர் முன்னே இப்போது இரண்டே வழிகள் இருந்தன: துறையில் நின்ற அத்தனை பேரும் அரசகுலம் என்று ஒப்புக்கொள்வது, அல்லது தம் கொள்கை தவறு என்று ஒப்புக்கொள்வது. வாசகர்களே, படித்தவர்களுக்கு மூன்றாம் வழி ஒன்று எப்போதும் அகப்பட்டுவிடுகிறது.

"அரசே, இது கலையன்று" என்றார். "இலக்கணமில்லை, பண்ணில்லை, கமகமில்லை. கலையன்று ஆதலால், இது கண்ணீருமன்று. ஆற்றுக்காற்றின் ஈரம்."

"நல்லது!" கொற்றி துள்ளி எழுந்தாள். "இதே நரம்பு, இதே ஒலி. அப்படியானால் மாலையில் இவன் கண்ணில் வந்ததும் ஆற்றுக்காற்றின் ஈரம்தானே? கண்ணீர் இல்லையே? அழாதவன் இளவரசன் இல்லை என்று தாங்களே தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்களே?"

சுவைநாயகரின் கண்கள் முதன்முறையாக எதிரிலிருப்பவரின் முகத்தின் உயரத்துக்கு இறங்கிவந்தன.

"போதும்" என்றார் அரசர். "என் தம்பியின் பாடை போனபோதுகூட, உமது குட்டை உயரட்டும் என்று காத்திருந்தேன். தெரியுமா உமக்கு? இன்றைக்குத்தான் அவனுக்கு அழுதிருக்கிறேன்." அவர் எழுந்தார். ஒரே மாலையில் பத்து வயது கூடினவர்போலத் தோன்றினார். "இந்த மலைநாட்டார் எல்லாரையும் அக்கரையில் கொண்டுபோய் விடுங்கள். இன்று எனக்கு யாருடைய தலையும் வேண்டாம்."

"ஆனால் சுருதி பிசகியதற்கு உரிய வழக்கம், அரசே?" என்று நினைவூட்டினார் சுவைநாயகர். அதை மட்டும் அவர் மறக்கவில்லை.

அரசர் திரும்பிப் பார்க்காமல் கையை அசைத்தார். ஆகலாம் என்று பொருள். அத்தனை அழுத மனிதர், அவ்வளவுதான்! கொற்றி படியிறங்கினாள். யாழைக் கொண்டுபோய் நீரில் வைத்தாள். படகைப்போல வளைந்த அதன் உடல் ஒருமுறை தள்ளாடி, நீரோட்டத்தோடு நகர்ந்துபோயிற்று.

விடுதலை பெற்றவர்களோடு, எல்லை கடக்க வேண்டிய கொற்றியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஓடம் நடுவாற்றை நெருங்கியபோது, அங்கே ஒரு திட்டின் நாணற்புதரில் அந்த யாழ் சிக்கிக்கொண்டிருந்தது. "ஓடக்காரரே, அங்கே விடுங்கள்" என்று சொல்லி, இடுப்புவரை வெளியே சாய்ந்து அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள் கொற்றி.

"வழக்கம் என்னாவது தாயி?" என்றான் ஓடக்காரன்.

"ஆற்றில் விடச் சொன்னார்கள், விட்டேன். எடுக்கக் கூடாது என்று யார் சொன்னது?"

மலைநாட்டு வீரர்கள் சிரித்தார்கள். காடன் அவளுக்கு எதிரே, ஓடத்தின் முன்முனையில் உட்கார்ந்திருந்தான். ஆற்று நீரில் முகத்தைக் கழுவியிருந்தான். நிலவில் அந்த முகம் வேறாகத் தெரிந்தது.

"உன் மகளுக்கு என்ன பெயர்?" என்று கேட்டாள்.

அவன் பார்வை அக்கரைக்குப் போயிற்று. மீசைக்காரன் சட்டென்று எழுந்து, அவளுக்கும் அவனுக்கும் நடுவே வந்து, அவன் காலடியில் மண்டியிட்டான். "இளவரசே, அக்கரைக் காவலுக்குக் குரல் கொடுக்கட்டுமா?"

ஓடக்காரனின் துடுப்பு நீரில் நின்றுவிட்டது.

"கொடு, முருக்கா" என்றான் காடன். பேச்சில் கமலை இல்லை, கிணறு இல்லை; மலைநாட்டு அரண்மனையின் தமிழ் அது. "யாழ்நங்கையே, என்னை மன்னிக்க வேண்டும். வேங்கைக்கோட்டு இளஞ்சாத்தன் நான்தான்."

கொற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படியானால் அந்தச் சந்தன மார்பு சொன்னதுதான் சரியா? உயர்குடிக்குத்தான் நெஞ்சு கரையுமா? அந்த எண்ணமே அவளுக்குக் கசந்தது.

"அப்படியென்றால் மாலையில் ஏன் அழுதாய்?"

"அதைக் கேட்காமல் இருந்தால்..."

"ஏன் அழுதாய்!"

இளவரசன் தலையைச் சொறிந்தான். "என் பக்கத்தில் நின்ற பருத்த மனிதர் இருக்கிறாரே, அவர் உத்தரீயத்தில் ஈருள்ளி முடிந்திருந்தார். காற்று என் பக்கமாக அடித்தது. கண் எரிந்துவிட்டது."

"வெங்காயமா?" என்றாள் கொற்றி.

"வெங்காயம்."

"உன் மகள்?"

"எனக்கு மணமே ஆகவில்லை. அரண்மனைத் தோட்டத்தில் ஒரு கிணறு உண்டு; உருளை கத்தும். நான் பாடம் படிக்கும் நேரமெல்லாம் கத்தும். பிடிக்கவே பிடிக்காது. நீ சிறைக்குள் வந்து அந்தக் கண்களோடு என் எதிரே உட்கார்ந்து, ஏன் அழுதாய் என்று கேட்டபோது... உன்னிடம் வெங்காயம் என்று எப்படிச் சொல்வது?"

அவள் கையிலிருந்த ஈரத்தை எல்லாம் அவன் முகத்தில் உதறினாள். போதவில்லை. ஆற்றிலிருந்து இரண்டு கை நீரை அள்ளி அவன் தலையில் கொட்டினாள். முருக்கன் பதறி அவள்மேல் பாயப் போனான்; இளவரசன் அவனைக் கையமர்த்தினான்.

"பொய்யனே! எட்டு வருடம் வெங்காயத்துக்கு வாசித்தேன். ஒரே ஒரு மனிதன் அழுதான் என்று நம்பி என் ஊரை விட்டேன். அதுவும் வெங்காயம்! என் நாட்டு அரசரை அழவைத்தாய், கொலைஞனை அழவைத்தாய். இல்லாத ஒரு பிள்ளைக்கு!" அவள் குரல் இறங்கிப்போனது. "எனக்கு இன்னும் வலிக்கிறது. பிறக்கவே பிறக்காதவள் செத்துப்போனது எனக்கு இப்போதும் வலிக்கிறது. அது எப்படி? அதற்கு யார் பொறுப்பு?"

இளவரசனின் முகத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் துடைக்கவில்லை.

"எனக்கும் தெரியவில்லை" என்றான். "துறையில், நீ நரம்பைத் தொடாமல் விட்டாயே, அப்போது தூளி காலியாக ஆடியதைப் பார்த்தேன். அந்தக் குரல் உடைந்தது நான் உடைத்ததில்லை. அதை நீ செய்தாய்."

"உன் பேச்சை இனி யார் நம்புவது?" கொற்றி நனைந்த யாழை நிமிர்த்தினாள். "கேள், வேங்கைக்கோட்டானே. இந்த யாழின்மேல் ஆணை. வெங்காயமில்லாமல், குட்டையில்லாமல், உன் கண்ணிலிருந்து உண்மையாக ஒரு சொட்டு வரவழைக்கும்வரை உன் நாட்டை விட்டுப் போக மாட்டேன். தினமும் வாசிப்பேன். காதைப் பொத்திக்கொண்டாலும் வாசிப்பேன். அந்த ஒரு சொட்டு வரும் அன்றே, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவேன்."

"அன்றே போய்விடுவாயா?"

"அன்றே."

"அப்படியானால் நானும் சூளுரைக்கிறேன்" என்றான் இளஞ்சாத்தன், அவள் கண்களிலிருந்து பார்வையை விலக்காமல். "உயிருள்ளவரை அழ மாட்டேன்."

முருக்கன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது தன் வேலைக்குப் புறம்பானது என்று முடிவுசெய்து அக்கரையைப் பார்த்து உரக்கக் குரல் கொடுத்தான். மலைச்சரிவில் பந்தங்கள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. நாரைகளும் அடங்கிவிட்ட அந்த ஆற்றில் துடுப்பின் ஒலி மட்டும் எழுந்தது.

கொற்றி யாழின் நரம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நீரில் ஊறி எல்லாம் தொய்ந்திருந்தன. அந்தக் கத்தும் நரம்பில் மட்டும் ஒலி மிச்சமிருந்தது. முறுக்கேற்றாமல், அப்படியே மெதுவாக அதை இழுத்தாள். கிறீச். உருளை உச்சிக்கு ஏறி நின்றது. பிறகு, அவனைப் பார்க்காமல், யாரோ தூங்குகிற இடத்தில் பேசுவதுபோல, மூச்சுக்காற்றில் சொன்னாள்:

"வா ராசாத்தி, வா..."

இளவரசன் சட்டென்று முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்ன?" என்றாள் கொற்றி.

"ஒன்றுமில்லை" என்றான், நெடுநேரம் கழித்து. "ஆற்றுக்காற்றின் ஈரம்."